ஏன் என்று எழுதவும்

“படித்தேன்.”

பதில் அவ்வளவுதான். கீழே ‘டாக்டர்’ என்று இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு வந்த அந்த ஒற்றைச் சொல்லை முதலாளி மூன்று தடவை படித்துவிட்டு, நாற்காலியோடு உருண்டு சட்டாம்பிள்ளையின் மேஜைக்கு வந்தார்.

“அண்ணா, நேத்து சாயங்காலம் நீங்க என்ன எழுதினீங்க?”

“எதுல?”

“கமிட்ல.”

“என்ன செஞ்சேனோ அதை எழுதினேன். ஏன் செஞ்சேன்னும் எழுதினேன். ரூல் நம்பர் நாலு.”

“அந்த ஏன்ல என்ன எழுதினீங்க?”

சட்டாம்பிள்ளை பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். முதலாளி படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் வெளுத்துப்போனது.

சட்டாம்பிள்ளை என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. அலுவலகத்தில் வைத்தது. அவருக்குத் தெரியாமல் வைத்தார்கள். தெரிந்த பிறகும் யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. வயது நாற்பத்தேழு. அலுவலகம் என்றால் ஒரே அறை, ஒரே ஏசி, மூன்றே பேர். முதலாளி அவரைவிடப் பத்து வயது சின்னவர். புரோகிராம் எழுதச் சட்டாம்பிள்ளை. எழுதியதில் குற்றம் கண்டுபிடிக்க டெஸ்டர் ஒரு பெண். அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். பல் மருத்துவமனைகளில் காத்திருப்போர் பட்டியலைத் திரையில் காட்டும் மென்பொருளைச் செய்து கொடுத்தார்கள். மருத்துவமனைகள் என்று பன்மையில் சொல்வது முதலாளியின் விசிட்டிங் கார்டில் மட்டும்தான். உண்மையில் இருந்தது ஒன்றே ஒன்று. ஆறு வருடமாக மூன்று வீட்டு அடுப்பும் அந்த ஒன்றை நம்பித்தான் எரிந்தது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புரோகிராமில் எதையாவது மாற்றிப் பொதுவான இடத்தில் சேர்க்கும்போது, இன்னதைச் செய்தேன் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். அதுதான் கமிட் மெசேஜ். ஒரு வேலையைத் தனியாக வைத்துச் செய்து பார்க்க ஒரு பிராஞ்ச் எடுப்பார்கள். அதற்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். பிள்ளைக்குப் பெயர் வைக்க மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொள்கிற மனிதர்கள், இதற்கு மூன்று நொடிகூடச் செலவழிப்பதில்லை. முதலாளி தானே புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய குறிப்புகள் இப்படி இருந்தன: ‘ம்’. ‘மறுபடியும் ம்’. ‘இப்ப பாரு’. ‘ஐயோ’. அவர் எடுத்த பிராஞ்சுகளுக்குப் பெயர் ‘புதுசு’, ‘புதுசு2’, ‘ரொம்பப் புதுசு’, ‘பழைய புதுசு’.

ஒரு நாள் மருத்துவமனைத் திரையில் எல்லா நோயாளிகளுக்கும் வயது பூஜ்யம் என்று வந்தது. எந்த மாற்றத்தால் இந்தக் கூத்து என்று பின்னோக்கித் தேடிப்போன சட்டாம்பிள்ளைக்குக் கிடைத்த ஒரே தடயம் அந்த ‘ஐயோ’தான். இரண்டு நாள் தேடினார். மூன்றாம் நாள் காலையில் பதினொரு விதிகளைத் தட்டச்சு செய்து, தண்ணீர் கேனுக்கு மேலே சுவரில் ஒட்டினார். முதல் சொல் புதுசா, திருத்தமா, சுத்தமா என்று சொல்ல வேண்டும். தலைப்பு ஐம்பது எழுத்தைத் தாண்டக் கூடாது. பிராஞ்சின் பெயர் புகார்ப் பட்டியலில் இருக்கும் எண்ணோடும் தலைப்போடும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். நான்காவது விதியைச் சிவப்பில் போட்டிருந்தார்: ‘என்ன செய்தாய் என்பதைப் புரோகிராமே சொல்லும். ஏன் செய்தாய் என்பதை நீ சொல். பொய் எழுதாதே.’

விதியைச் சுவரில் ஒட்டினால் யார் மதிக்கிறார்கள்? அதனால் ஒரு காவலாளியும் எழுதி வைத்தார். காவலாளி என்றால் ஆள் இல்லை, இருபது வரிப் புரோகிராம். விதிப்படி இல்லாத குறிப்பு எதையும் அது உள்ளே விடாது. முதலாளியையும் விடாது. அதில்தான் அவருக்குத் தனி சந்தோஷம்.

இனி, திங்கட்கிழமை சாயங்காலம் அவர் எழுதிய குறிப்பு:

‘திருத்தம்: பட்டியலை மறுபடியும் நீலமாக்கு. ஏன்: போன வாரம் பச்சை கேட்டார்கள். அதற்கு முந்தின வாரம் நீலம் கேட்டார்கள். அதற்கும் முன்னால் பச்சை. இந்த டாக்டரம்மாவுக்கு என்ன வேண்டும் என்று இவருக்கே தெரியாது. ஊரில் உள்ளவர்கள் வாயையெல்லாம் திறந்து பார்க்கிறவர், தன் மனதை ஒரு தடவை திறந்து பார்த்தால் தேவலை.’

“இதுல என்ன தப்பு?” என்றார் சட்டாம்பிள்ளை. “சுத்தமா இருக்கு. தலைப்பு இருபத்தொரு எழுத்துதான்.”

முதலாளி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் உருட்டிக்கொண்டார். “அண்ணா, ஞாயித்துக்கிழமை நான் சும்மா இருந்தேன்.”

“சரி.”

“சும்மா இருக்கும்போது ஒரு மெயில் சர்வீஸ் பார்த்தேன். கமிட் மெசேஜ் எல்லாம் தானா கஸ்டமருக்குப் போயிடும். நாம தினமும் அவங்களுக்காக எவ்வளவு வேலை செய்றோம்னு அவங்களுக்குத் தெரியணும்ல. நீங்களும் ரூல் போட்டு எல்லாத்தையும் அழகா எழுத வச்சுட்டீங்க. அதான், கனெக்ட் பண்ணிட்டேன்.”

சட்டாம்பிள்ளை திரையை மெல்லத் தன் பக்கமே திருப்பிக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமை கான்ட்ராக்ட் முடியுது,” என்றாள் பூதக்கண்ணாடி. “அடுத்த மூணு வருஷத்துக்கு டாக்டர் கையெழுத்துப் போடணும்.”

அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் அதை அவள் அந்த நேரத்தில் வாயால் சொன்னதும் சட்டாம்பிள்ளை மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். முதலாளிக்கு மாமனாரின் வியாபாரம் இருக்கிறது. பூதக்கண்ணாடிக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. நாற்பத்தேழு வயதில், ஆறு வருடமாக ஒரே பட்டியலை நீலமும் பச்சையுமாக அடித்துக்கொண்டிருந்த ஒருவரை எந்தக் கம்பெனிக்காரன் கூப்பிட்டு நாற்காலி போடுவான்?

“பதறாதீங்க,” என்றார், பதறிக்கொண்டே. “ரிவர்ட் பண்ணிடறேன். அப்படி ஒரு கமிட்டே நடக்கலைங்கிற மாதிரி ஆயிடும்.”

“சார், மெயிலை முதல்ல நிறுத்திட்டு...” என்று ஆரம்பித்தாள் பூதக்கண்ணாடி.

அதற்குள் சட்டாம்பிள்ளையின் விரல் ரத்து செய்யும் கட்டளையைத் தட்டிவிட்டது. காவலாளி குறுக்கே நின்றது. ‘ஏன் இல்லை’ என்றது.

‘தவறு’ என்று எழுதினார். ‘ஏன் போதாது. குறைந்தது பன்னிரண்டு சொற்கள்’ என்றது.

“சும்மா சும்மான்னு பன்னிரண்டு தடவை போடுங்கண்ணா,” என்றார் முதலாளி.

“ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தா விடாது. உங்களுக்காகவே போட்ட ரூல் அது.”

“சரி, வேற ஏதாவது பொய் எழுதுங்க.”

சட்டாம்பிள்ளை அவரை ஏற இறங்கப் பார்த்தார். வரி கட்டுவதில் பொய் சொல்லலாம், வயதில் சொல்லலாம், கமிட் மெசேஜில் சொல்ல முடியுமா? நாளைக்கு யாராவது படித்துவிட்டு எதற்காக இது நடந்தது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள மாட்டார்களா? நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் எழுதினார்: ‘ஏன்: முந்தைய குறிப்பில் டாக்டருக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெரியாது என எழுதியதை டாக்டர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.’

காவலாளி எண்ணிப் பார்த்துவிட்டு வழிவிட்டது.

முதலாளி மெயிலை நிறுத்தும் பொத்தானைக் கண்டுபிடித்தது அதற்கு நாற்பது நொடி கழித்து.

“நிறுத்திட்டேன்,” என்று நிமிர்ந்தார். “இப்ப நீங்க ரிவர்ட் பண்ணலாம்.”

“பண்ணிட்டேன்.”

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ‘இரண்டாவது தடவையும் படித்தேன். டாக்டர்.’ அத்தோடு, நீலத்தை ரத்து செய்ததால் மருத்துவமனையின் பட்டியல் மறுபடியும் பச்சைக்குப் போயிருந்தது என்பதைப் பூதக்கண்ணாடி மெதுவான குரலில் எடுத்துச் சொன்னாள்.

அன்று மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. முதலாளிதான் முதலில் தேறினார். அவர் எப்போதும் அப்படித்தான், விழுந்த வேகத்தில் எழுந்துவிடுவார்.

“கமிட் மெயில் இனி போகாது. அது உறுதி. தனியா ஒரு பிராஞ்ச் எடுத்து, நீலத்தைத் திரும்பக் கொண்டுவந்து, டாக்டருக்குப் பிடிச்ச மாதிரி ரெண்டு வேலை சேர்த்துச் செஞ்சு கொடுத்துடலாம். கண்ணைத் திறந்து பார்த்தா எல்லாம் நீலமா, அழகா இருக்கணும். கோபம் தானா இறங்கிடும்.”

யோசனை நல்ல யோசனைதான். சட்டாம்பிள்ளை பிராஞ்ச் எடுக்க உட்கார்ந்தார். பிராஞ்சின் பெயர் புகார்ப் பட்டியலில் இருக்கும் தலைப்போடு அப்படியே ஒத்துப்போக வேண்டும் என்பது அவர் போட்ட விதி. புகாரைப் பதிவு செய்வது பூதக்கண்ணாடியின் வேலை. அவள் வஞ்சனை இல்லாத பெண், உள்ளதை உள்ளபடி பதிந்து வைத்திருந்தாள். அதைப் பார்க்காமலே சட்டாம்பிள்ளை எண்ணைத் தட்ட, பிராஞ்சின் பெயரைக் காவலாளியே இழுத்துப் போட்டுக்கொண்டது:

‘திருத்தம்/412-கடுப்பில்-இருக்கும்-டாக்டரை-நைசாகச்-சமாதானப்படுத்து.’

“ஏம்மா இப்படித் தலைப்பு வச்ச?”

“வேற எப்படி சார் வைக்கறது? அதுதானே வேலை.”

சட்டாம்பிள்ளை அதை இன்னொரு தடவை படித்தார். தெளிவான தலைப்பு. செயல் இருக்கிறது, ஆள் இருக்கிறது, முறையும் இருக்கிறது. வேறு சமயமாக இருந்தால் பாராட்டியிருப்பார்.

“போகட்டும். மெயில்தான் நின்னு போச்சே,” என்றார் முதலாளி. சொல்லிவிட்டுத் தன் போனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். “அண்ணா, புது பிராஞ்ச் எடுத்தா தகவல் போறதுக்குத் தனியா ஒரு ஸ்விட்ச் இருக்காம்.”

“நிறுத்தினீங்களா?”

“இப்பத்தான் பார்த்தேன்.”

சாயங்காலம் நாலு மணிக்குப் பதில் வந்தது. ‘தலைப்பையும் படித்தேன். டாக்டர்.’

அன்று ராத்திரி வீட்டில் சட்டாம்பிள்ளையின் மனைவி இரண்டு கேள்வியில் விஷயத்தைக் கறந்துவிட்டாள். அவள் நீதிமன்றத்தில் எழுத்தர். குறுக்கு விசாரணையைத் தினமும் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அது கைவந்த கலையாகிவிட்டது. தட்டைக் கழுவி அடுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“நேர்ல போய் சாரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க. முடிஞ்சுது.”

“அது எப்படிம்மா? சாரி சொன்னா ஏன் அப்படி எழுதினேன்னு விளக்கணும். திங்கக்கிழமை என்ன நடந்ததுன்னா...”

“பார்த்தீங்களா.”

“என்ன?”

“பதினெட்டு வருஷமா உங்ககிட்டேருந்து எனக்கு விளக்கம்தான் வருது. எங்க அண்ணன் வீட்டுக்கு லேட்டா வந்தீங்க, ஏன்னு அரை மணி நேரம் சொன்னீங்க. என் கண்ணாடி மேல உக்காந்தீங்க, அந்தக் கண்ணாடி ஏன் அங்க இருந்துச்சுன்னு சொன்னீங்க. சாரி இன்னும் வந்து சேரலை.”

“காரணம் தெரியாம சாரி சொல்லி என்ன பிரயோஜனம்?”

“சொல்லிப் பாருங்க, தெரியும்.”

சட்டாம்பிள்ளை வாயைத் திறந்தார். விளக்கம்தான் வரப்பார்த்தது. பேசாமல் மூடிக்கொண்டு படுக்கப் போனார். அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது உண்மை. ஆனாலும் முன்பின் பார்த்திராத ஒரு டாக்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை நினைத்தாலே அவருக்குக் கூசியது. அந்த டாக்டரை ஆறு வருடத்தில் அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எல்லாமே மெயிலில்தான். நீலம் வேண்டும், பச்சை வேண்டும், எழுத்து பெரிதாக வேண்டும், சிறிதாக வேண்டும், நோயாளி பெயருக்குப் பக்கத்தில் ஒரு பூ வேண்டும், பூ வேண்டாம். முதலாளி மட்டும் முதல் வருடம் ஒப்பந்தத்துக்காக ஒரு தடவை பார்த்திருக்கிறார். கண்ணாடி போட்டிருந்தார் என்பதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் நினைவில்லை.

புதன்கிழமை காலையில் சட்டாம்பிள்ளை ஒரு முடிவோடு அலுவலகத்துக்கு வந்தார். நடந்ததை ரத்து செய்தால்தானே சுவடு தெரிகிறது? நடந்ததையே மாற்றிவிட்டால்? வரலாற்றைத் திருத்தி எழுத இந்தத் தொழிலில் வழி இருக்கிறது. பழைய குறிப்பின் வாசகத்தை மாற்றிப் புதிதாகப் பதித்துவிடலாம். பழையது இருந்த இடம் தெரியாது. அப்படிச் செய்கிறவனைக் கண்டால் சட்டாம்பிள்ளைக்கு அதுவரை பிடிக்காது. ஐந்தாவது விதியே அதற்கு எதிராகத்தான்.

“டாக்டர் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நம்ம பதிவு முழுக்கப் பார்க்கணும்னு கேட்டாங்கன்னா?” என்றார். “அந்த ஒண்ணு மட்டும் இல்லை தம்பி. ஆறு வருஷத்துல நான் என்னென்ன எழுதி வச்சிருக்கேனோ.”

தேடிப் பார்த்தார்கள். டாக்டரைப் பற்றி மட்டும் நூற்று நாற்பத்து மூன்று குறிப்புகள் இருந்தன.

“சார், எல்லாத்துலயும் ஏன் எழுதியிருக்கீங்க,” என்றாள் பூதக்கண்ணாடி, ஒருவிதப் பக்தியோடு.

அன்று முழுக்கச் சட்டாம்பிள்ளை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார். முதல் பொய்யை எழுதக் கால் மணி நேரம் பிடித்தது. பத்தாவதில் பழகிவிட்டது. நாற்பதாவதில் நடைகூடக் கொஞ்சம் மெருகேறியது. நடுவில் ஒரு தடவை நிறுத்திவிட்டுச் சுவரில் இருந்த சிவப்பு விதியைப் பார்த்தார். பூதக்கண்ணாடி அதைக் கவனித்துவிட்டு எழுந்துபோய், அந்தத் தாளின் மேல் நாள்காட்டியை மாட்டிவிட்டு வந்தாள்.

“வேலை போனா நான் எங்கயாவது பாத்துக்குவேன் சார்,” என்றாள். “உங்களை நினைச்சாத்தான்...”

சட்டாம்பிள்ளை அடுத்த குறிப்பைத் திறந்தார்.

ஐந்தரை மணிக்கு எல்லாம் தயார். முதலாளி தன் பக்கத்தை மூன்று தடவை சரிபார்த்தார். கமிட் மெயில் நிறுத்தம். பிராஞ்ச் மெயில் நிறுத்தம். வேறு எதுவும் இல்லை என்று சத்தியம் செய்தார். சட்டாம்பிள்ளை காவலாளியைத் தூங்க வைத்துவிட்டு, பழைய வரலாற்றின் மேல் புதிய வரலாற்றை ஏற்றினார்.

இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் முதலாளியின் போன் ஒரு தடவை சிணுங்கியது.

“என்ன?” என்றார் சட்டாம்பிள்ளை.

“யாராவது வரலாற்றை மாத்தினா அது திருட்டு வேலையா இருக்கலாம்னு அந்த சர்வீஸ் கஸ்டமரை எச்சரிக்கை பண்ணுமாம். அதுக்கு ஸ்விட்சே கிடையாதாம். பாதுகாப்புக்காகவாம்.”

“எச்சரிக்கைன்னா? மாத்தியிருக்காங்கன்னு மட்டும்தானே சொல்லும்?”

முதலாளி போனை நீட்டினார். அந்த சர்வீஸ் நாணயமானது. என்ன மாற்றினார்கள் என்பதை வாடிக்கையாளர் சிரமப்படாமல் பார்க்க வேண்டும் என்று, இடது பக்கம் பழைய குறிப்பு, வலது பக்கம் புதிய குறிப்பு என்று கட்டம் போட்டு, நூற்று நாற்பத்து மூன்றையும் வரிசையாக அனுப்பியிருந்தது.

இடது பக்கம்: ‘இந்த அம்மா மறுபடியும் ஆரம்பிச்சாச்சு.’ வலது பக்கம்: ‘மதிப்பிற்குரிய டாக்டர் மற்றுமொரு சிறந்த யோசனையை வழங்கினார்.’

இடது: ‘எழுத்து பெரிதாக வேண்டுமாம். இவர் பார்க்க வேண்டியது பல் இல்லை, கண் டாக்டரை.’ வலது: ‘எழுத்தின் அளவு கண்ணுக்கு இதமாக உயர்த்தப்பட்டது.’

இடது: ‘பூவை எடு. போன மாதம் அழுது கேட்ட அதே பூ.’ வலது: ‘பூ தன் பணியை நிறைவு செய்தது.’

சட்டாம்பிள்ளை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

ஆறரை மணிக்குப் பதில் வந்தது. ‘படித்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர்.’

வியாழக்கிழமை எந்தப் பதிலும் வரவில்லை. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி மாமனாருக்கு இரண்டு தடவை போன் செய்து நலம் விசாரித்தார். சாயங்காலம் கிளம்பும்போது சட்டாம்பிள்ளை மட்டும் வாசலில் நின்றார்.

“தம்பி, நாளைக்குக் காலையில நான் நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரேன்.”

“போய் என்ன சொல்வீங்க?”

“தெரியலை. போறேன்.”

வெள்ளிக்கிழமை காலை மனைவி அவருக்குச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். பொத்தானைப் போட்டு விடுகிற சாக்கில் நெஞ்சில் ஒரு தட்டு தட்டி அனுப்பினாள்.

அந்தப் பல் மருத்துவமனை ஒரு மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. உள்ளே பன்னிரண்டு நாற்காலி, இருபது பேர். சுவரில் தொங்கிய திரையில் அவர் எழுதிய பட்டியல் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. தன் கைவேலையை முதல் தடவையாக அது இருக்கும் இடத்தில் பார்த்தார். மூலையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வரவேற்பு மேஜையில் நாற்பது வயதுக்காரி ஒருத்தி தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் எழுதி, இன்னொரு கையால் ஒரு குழந்தை பிடித்து இழுத்த பேனாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து அண்டக்கொடுத்திருந்தது.

“டாக்டரைப் பார்க்கணும்மா. வலி இல்லை. பட்டியல் சாஃப்ட்வேர் கம்பெனியிலேருந்து வரேன்.”

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இவளுக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று அவருக்குக் காது சூடானது.

“உக்காருங்க சார். அடுத்த பேஷன்ட் போகும்போது உள்ள போங்க. நிறைய நேரம் தர மாட்டாங்க.”

உட்கார இடம் இல்லை. நின்றார். குழாய் சொட்டுவதைப் பார்த்த ஒரு கிழவர் மேஜைக்கு வந்து, “இதை யார்கிட்டயாவது சொல்லக் கூடாதா?” என்றார்.

“சொல்லிட்டுத்தாங்க ஐயா இருக்கேன். போன வருஷத்துலேருந்து,” என்றாள் அவள். உள்ளேயிருந்து மணி அடித்தது. எழுந்து ஓடினாள். திரும்பி வந்து உட்காருவதற்குள் மறுபடியும் மணி அடித்தது.

சட்டாம்பிள்ளை உள்ளே போனார். டாக்டர் ஒரு நோயாளியின் வாய்க்குள் கிட்டத்தட்டத் தலையையே விட்டிருந்தார். நிமிரவில்லை.

“சொல்லுங்க.”

“நான்தான் டாக்டர் அந்த சாஃப்ட்வேர் எழுதறவன்.”

“சொல்லுங்க.”

வழி நெடுகத் தயார் செய்த விளக்கம் அவர் நாக்கின் நுனியில் நின்றது. நீலம் எந்தத் தேதி, பச்சை எந்தத் தேதி, ஞாயிற்றுக்கிழமை முதலாளி ஏன் சும்மா இருந்தார், ஏன் சும்மா இருந்திருக்கக் கூடாது, எல்லாம் வரிசையாக இருந்தது. வாய் பிளந்து கிடந்த நோயாளி அவரையே கண் கொட்டாமல் பார்த்தார். சட்டாம்பிள்ளைக்கு மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது.

“சாரி டாக்டர்,” என்றார்.

டாக்டர் நிமிர்ந்தார். “எதுக்கு?”

“ஏன்னு கேக்காதீங்க. காரணம் எதுவும் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சாரி. அவ்வளவுதான்.”

சொல்லி முடித்ததும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. உலகம் இடிந்து விழவில்லை. மாறாக, செவ்வாய்க்கிழமையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போனது.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “சரி,” என்றார். “எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உங்க கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டு வெளியில கொடுத்திருக்கேன், வாங்கிட்டுப் போங்க.” குனிந்து மறுபடியும் வாய்க்குள் போய்விட்டார்.

சட்டாம்பிள்ளை வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. நூற்று நாற்பத்து மூன்றையும் படித்துவிட்டு, ஒரு கடுஞ்சொல் சொல்லாமல், எனக்கு வருத்தமில்லை என்று சொல்ல எவ்வளவு பெரிய மனது வேண்டும். இந்த மனுஷியையா ஆறு வருடமாக அப்படியெல்லாம் எழுதினோம் என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது. முதலாளிக்குப் போன் செய்தார். “போட்டாச்சு தம்பி,” என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் பூதக்கண்ணாடி விசிலடித்தது இவருக்குக் கேட்டது.

வரவேற்பு மேஜைக்காரி உறையை எடுத்து நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“உங்க டாக்டர் சாதாரண மனுஷி இல்லைம்மா,” என்றார். “நான் எழுதினதையெல்லாம் படிச்சும் ஒரு வார்த்தை கோபமா பேசலை. இனிமே அவங்க எந்தக் கலர் கேட்டாலும் முகம் சுளிக்காம செஞ்சு கொடுப்பேன். திங்கக்கிழமை நீலம் வந்துடும்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க.”

அவள் ஒலிக்கத் தொடங்கிய போனை எடுக்காமல், குனிந்து மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்:

“டாக்டர் மெயில் பக்கமே வந்ததில்லை சார், ஆறு வருஷமா அவங்க பேர்ல மாத்தி மாத்திக் கேட்டதெல்லாம் நான்தான், இந்த இடத்துல நான் சொல்லி மறுநாளே நடக்கிறது அது ஒண்ணுதான்.”